பன்றி நாடாப்புழு நோய்

பன்றி நாடாப்புழு நோய் என்பது டீனியா சோலியம் என்னும் தட்டைப்புழுவால் மனிதருக்கும் பன்றிக்கும் உண்டாகும் ஒட்டுண்ணி நோயாகும். மனிதரிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் இது மாறிமாறிப் பரவுகிறது. இலத்தீன் அமெரிக்கா, சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளில், பன்றிகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கும் உழவர் ஊர்களில் இந்நோய் மிகுதி. உலக சுகாதார நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இப்புழு குடலில் வாழும்போது பெரிய தொல்லை தருவதில்லை. அதன் இளவுயிரி மூளையில் தங்கிவிட்டால் வலிப்பு, கடுந்தலைவலி, பார்வையிழப்பு ஆகியவை ஏற்படலாம். சிலருக்கு உயிரிழப்பும் நேரலாம். இந்நோய் பரவியுள்ள நாடுகளில் காணப்படும் வலிப்பு நோயில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு இதுவே காரணம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

பன்றி இறைச்சி உண்பவர்களுக்கு மட்டுமே இந்நோய் வரும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது பாதி உண்மையே. குடற்புழு வருவது சரியாக வேகாத பன்றி இறைச்சியால். மூளையில் கட்டி வருவதோ, புழுவைக் குடலில் கொண்ட மற்றொரு மனிதரின் மலத்திலிருந்து வரும் முட்டைகளால். ஆகவே புலால் உண்ணாதவருக்கும் இந்த இரண்டாவது நோய் வரக்கூடும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால்தான் நோயைத் தடுக்கும் வழிகளும் விளங்கும்.

புழுவின் உடலமைப்பு

வளர்ந்த பன்றி நாடாப்புழு மனிதரின் சிறுகுடலில் மட்டுமே வாழ்கிறது. வெண்மையான நாடாவைப் போன்று தட்டையாக, பெரும்பாலும் 2 முதல் 4 மீட்டர் வரை நீண்டிருக்கும். இவ்வளவு நீளமான உடலுக்குத் தலையோ குண்டூசியின் கொண்டை அளவே. அத்தலையில் நான்கு உறிஞ்சிகளும், இரண்டு வரிசையாக அமைந்த 22 முதல் 32 கொக்கிகளும் உள்ளன. இவற்றால் புழு குடற்சுவரைப் பற்றிக்கொள்கிறது.

இப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. மனிதர் உண்டு செரித்த உணவிலிருந்து தனக்கு வேண்டியதை உடலின் மேற்பரப்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கிறது. கழுத்துப் பகுதியில் புதிய கண்டங்கள் ஓயாமல் உருவாகின்றன. பழைய கண்டங்கள் பின்னோக்கித் தள்ளப்படுகின்றன. ஒரு புழுவில் 1000 கண்டங்கள் வரை இருக்கலாம். ஒவ்வொரு கண்டத்திலும் ஆண், பெண் இரு இனப்பெருக்க உறுப்புகளும் உண்டு. வால்முனையில் உள்ள முதிர்ந்த கண்டம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 50,000 முட்டைகள் இருக்கும். இக்கண்டங்கள் கழன்று மலத்துடன் வெளியேறுகின்றன. முட்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஈரமான மண்ணில் பல மாதங்கள் உயிருடன் இருக்கக்கூடியவை.

மாட்டிறைச்சியால் வரும் டீனியா சாஜினேட்டா என்னும் நாடாப்புழு இதற்கு நெருங்கிய உறவுடையது. அதன் தலையில் கொக்கிகள் இல்லை. அதன் முட்டைகள் மனித மூளையில் கட்டிகளை உண்டாக்குவதும் இல்லை. எனவே இரண்டும் குடற்புழுக்களே ஆனாலும் ஆபத்தில் மிகுந்தது பன்றி நாடாப்புழுதான்.

வாழ்க்கைச் சுழற்சி

ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரை விருந்தோம்பி என்பர். புழு முழு வளர்ச்சியடைந்து இனம் பெருக்கும் உயிர் முதன்மை விருந்தோம்பி. இளவுயிரியாக இருக்கும் காலத்தில் இடம் தரும் உயிர் இடைநிலை விருந்தோம்பி. இப்புழுவுக்கு முதன்மை விருந்தோம்பி மனிதர். இடைநிலை விருந்தோம்பி பன்றி.

புழுவைக் குடலில் கொண்ட ஒருவர் திறந்தவெளியில் மலம் கழிக்கும்போது கண்டங்களும் முட்டைகளும் மண்ணில் சேர்கின்றன. தீனி தேடி அலையும் பன்றி மனித மலத்தை உண்கிறது. அப்போது பல்லாயிரம் முட்டைகள் பன்றியின் வயிற்றுக்குள் போகின்றன. செரிமான நீர்கள் பட்டதும் முட்டையின் ஓடு கரைகிறது. உள்ளிருந்து ஆறு நுண்கொக்கிகள் கொண்ட கரு வெளிவந்து, குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசைகளிலும் மூளையிலும் பிற உறுப்புகளிலும் போய்த் தங்குகிறது. இரண்டு மூன்று மாதங்களில் அது நீர் நிறைந்த சிறு கட்டியாக வளர்கிறது. அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும் இக்கட்டி, பார்வைக்கு ஊறிய ஜவ்வரிசியைப் போன்றது. அதன் நடுவில் வெண்புள்ளியாகத் தெரிவது வருங்காலப் புழுவின் தலை.

இத்தகைய இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் மனிதர் உண்டால், கட்டிக்குள் மடங்கியிருந்த தலை சிறுகுடலில் வெளிப்பட்டுக் குடற்சுவரைப் பற்றிக்கொள்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அது முழுப் புழுவாக வளர்ந்து கண்டங்களை வெளியேற்றத் தொடங்குகிறது. இத்துடன் ஒரு சுற்று முடிந்து மீண்டும் தொடங்குகிறது.

இரு வழிகள், இரு நோய்கள்

மேலே கூறிய சுற்றில் மனிதருக்கு வருவது குடற்புழு நோய் மட்டுமே. கட்டி நோய் வருவது வேறொரு வழியில். பன்றி உண்ண வேண்டிய முட்டையை மனிதர் தவறுதலாக விழுங்கிவிட்டால், பன்றியின் உடலில் நிகழ்வதெல்லாம் மனிதரின் உடலிலும் நிகழ்கிறது. முட்டை வெடிக்கிறது, கரு குடலைத் துளைக்கிறது, தசை, தோலின் அடிப்பகுதி, கண், மூளை ஆகிய இடங்களில் நீர்க்கட்டிகள் தோன்றுகின்றன.

சுருங்கச் சொன்னால், கட்டியை உண்டால் புழு வரும். முட்டையை உண்டால் கட்டி வரும்.

மனித மூளைக்குள் வந்த கட்டிக்கு அதற்கு மேல் போக்கிடம் இல்லை. மனித இறைச்சியை எவரும் உண்பதில்லையாதலால் புழுவின் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடுகிறது. புழுவுக்கு இது ஒரு முட்டுச்சந்து, மனிதருக்கோ பெருந்துன்பம்.

முட்டைகள் வாய்க்குள் போகும் வழிகளில் முதன்மையானது கழுவாத கை. புழுவைக் கொண்டவர் மலம் கழித்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவு சமைத்தாலோ பரிமாறினாலோ, வீட்டில் உள்ள அனைவருக்கும் முட்டைகள் போய்ச் சேரலாம். அவரே தம் கையால் தமக்கும் அவற்றை ஏற்றிக்கொள்ளலாம். மலம் கலந்த நீரும், அந்நீர் பட்ட பச்சைக் காய்கறியும் மற்ற வழிகள். புழுவைக் குடலில் கொண்டவருடன் ஒரே வீட்டில் வாழ்வதே மூளைக் கட்டி நோய்க்கு மிகப் பெரிய அபாயம் எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று அமெரிக்காவின் நியூயார்க் நகரிலிருந்து வந்தது. பன்றி இறைச்சியை அறவே விலக்கிய, சமயக் கட்டுப்பாடு மிக்க யூதச் சமூகத்தைச் சேர்ந்த நால்வருக்கு மூளைக் கட்டி நோய் இருந்தது 1992-ஆம் ஆண்டில் பதிவாயிற்று. ஆராய்ந்தபோது, அவர்களின் வீடுகளில் சமையல் முதலிய வேலைகளைச் செய்த, இந்நோய் பரவியுள்ள நாடுகளிலிருந்து வந்த பணியாளர்கள் வழியே முட்டைகள் வந்திருக்கலாம் எனத் தெரிந்தது. பணியாளர்களும் தங்களிடம் புழு இருப்பதை அறியாதவர்களே. புழுவைக் குடலில் கொண்டவருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

மூளையில் நீர்க்கட்டி

மூளைக்குள் வந்த நீர்க்கட்டி உயிருடன் இருக்கும் வரை, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலின் கண்ணில் படாமல் பல ஆண்டுகள் ஒளிந்திருக்கக்கூடும். அக்காலத்தில் நோயாளி நலமாகவே இருப்பார். கட்டி நலியத் தொடங்கும்போது உடல் அதை அடையாளம் கண்டு தாக்குகிறது. அப்போது கட்டியைச் சுற்றி அழற்சியும் வீக்கமும் உண்டாகின்றன, வலிப்பு வருகிறது. இறுதியில் கட்டி கரைந்து மறையலாம், அல்லது சுண்ணாம்பு படிந்து சிறு தழும்பாக நிலைத்துவிடலாம். அத்தழும்பும் பிற்காலத்தில் வலிப்பைத் தூண்டக்கூடும்.

கட்டி எங்கே, எத்தனை, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே நோயின் கடுமை அமையும். மூளைத் தண்டுவட நீர் செல்லும் பாதையில் கட்டி அடைத்துக்கொண்டால் தலைக்குள் அழுத்தம் ஏறி உயிருக்கு ஆபத்து ஏற்படும். கண்ணுக்குள் வந்தால் பார்வை கெடும்.

வரலாறு

பன்றித் தசையில் காணப்படும் கட்டிகளைப் பற்றிப் பண்டைய கிரேக்கர் அறிந்திருந்தனர். அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் இவற்றை ஆலங்கட்டியுடன் ஒப்பிட்டு, பன்றியின் நாக்கின் அடிப்பகுதியில் இவற்றைக் காணலாம் என்றும் எழுதியுள்ளார். ஆயினும் அக்கட்டிக்கும் மனிதக் குடலில் உள்ள நீண்ட புழுவுக்கும் தொடர்பு உண்டு என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எவருக்கும் தெரியவில்லை. இரண்டும் வெவ்வேறு உயிர்கள் என்றே கருதப்பட்டன.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெல்ஜிய நாட்டு விலங்கியலாளர் வான் பெனெடன் புழுவின் முட்டைகளைப் பன்றிக்கு ஊட்டி, அதன் தசையில் கட்டிகள் தோன்றியதைக் கண்டார். 1855-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பிரீட்ரிக் கூக்கென்மைஸ்டர் சுற்றின் மறுபாதியை மெய்ப்பித்தார். மரணதண்டனைக் கைதி ஒருவருக்குக் கட்டிகள் கலந்த உணவை அவர் அறியாமல் கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் உடலைத் திறந்து பார்த்தபோது குடலில் இளம் புழுக்கள் ஒட்டியிருந்தன. அறிவியலுக்கு இச்சோதனை பயன்பட்டதே ஆயினும், கைதியின் இசைவின்றி நடத்தப்பட்டதால் அக்காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளானது.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரித்தானியப் படைவீரர் பலருக்குப் புதிதாக வலிப்பு நோய் வந்தது. படை மருத்துவர் மக்கார்தர் இதன் காரணம் மூளையில் உள்ள நீர்க்கட்டிகளே என எடுத்துரைத்தார். டிக்சன், லிப்ஸ்கோம் ஆகிய இருவர் 450 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1961-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, இந்நோயின் போக்கை விரிவாகக் காட்டியது. வீரர்களில் பலருக்கு வலிப்பு வந்தது இந்தியாவை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் கழித்தே.

நோய் இல்லாத ஓர் இடத்துக்கு அது புதிதாக வந்தால் என்ன ஆகும் என்பதை நியூகினித் தீவின் மேற்குப் பகுதியான பப்புவா காட்டியது. 1970-களில் அங்குள்ள பனியாய் ஏரிப் பகுதியில் வாழும் எகாரி மக்களிடையே கடுமையான தீக்காயங்களுடன் மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கை திடீரெனக் கூடியது. குளிர்ந்த மலைநாடாதலால் அம்மக்கள் இரவில் குடிசைக்குள் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி உறங்குவர். உறக்கத்தில் வலிப்பு வந்தவர்கள் நெருப்பில் விழுந்தனர். பாலித் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட பன்றிகளுடன் இந்த ஒட்டுண்ணி அங்கு வந்தது என ஆராய்ந்தவர்கள் முடிவு செய்தனர்.

சிற்றுழவர் வாழ்வும் பன்றியும்

தென்அமெரிக்காவின் பெரு நாட்டில் இந்நோய் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. அந்நாட்டின் ஊர்ப்புறங்களில் பன்றி என்பது ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு. மருத்துவச் செலவோ பள்ளிச் செலவோ வந்தால் ஒரு பன்றியை விற்றுச் சமாளிப்பர். பட்டியில் அடைத்து வளர்த்தால் தீனி வாங்கிப் போட வேண்டும்; அவிழ்த்துவிட்டால் அது தானே இரை தேடிக்கொள்ளும். கழிப்பறை இல்லாத ஊரில் அது தேடும் இரையில் மனித மலமும் அடங்கும்.

பன்றி வாங்க வரும் வணிகர் அதைக் கீழே சாய்த்து, வாயைத் திறந்து, நாக்கை வெளியே இழுத்து, அடிப்பகுதியைத் தடவிப் பார்ப்பர். கட்டி தட்டுப்பட்டால் விலை பாதியாகவும் குறையலாம்; வாங்காமலும் போகலாம். ஆகவே உழவர்கள் தாமே முன்கூட்டி நாக்கைப் பார்த்துவிடுகின்றனர். கட்டியுள்ள பன்றி அரசின் இறைச்சிக்கூடத்துக்குப் போனால் இழப்பீடு இன்றிப் பறிமுதலாகும். எனவே அது அங்கே போவதில்லை. வீட்டிலேயே அறுக்கப்படுகிறது, அல்லது மலிவு விலைக்குக் கைமாறுகிறது. சோதனை கடுமையாக இருக்கும் இடத்தில் நோயுற்ற இறைச்சி சோதனையைத் தவிர்த்து ஏழையின் சட்டிக்கே வந்து சேர்கிறது. சட்டத்தால் மட்டும் இந்நோயை ஒழிக்க முடியாமைக்கு இது ஒரு காரணம்.

பன்றியும் இங்கே நோயாளிதான். கட்டி நோய் கண்ட பன்றிகளுக்கும் வலிப்பு வருவதைத் தான்சானியாவில் நடந்த ஆய்வு பதிவு செய்துள்ளது. மனிதர் கழித்த மலத்தை உண்டதாலேயே பன்றிக்கு நோய் வருகிறது. மனிதரிடம் புழு இல்லையேல் பன்றிக்குக் கட்டியும் இல்லை.

தும்பெஸ் திட்டம்

1993-ஆம் ஆண்டில் நோயொழிப்புக்கான பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, உலகிலிருந்து ஒழிக்கக்கூடிய சில நோய்களுள் இதையும் சேர்த்தது. முதன்மை விருந்தோம்பி மனிதர் மட்டுமே. பன்றியோ வீட்டு விலங்கு. இரண்டுக்கும் மருந்து உண்டு என்பவை அதன் காரணங்கள். ஆயினும் ஒரு பெரிய நிலப்பரப்பில் இதைச் செய்துகாட்ட முடியுமா என்பது நெடுநாள் வினாவாகவே இருந்தது.

இதற்கு விடை தேடும் முயற்சி, பெருவின் வடகோடியில் எக்வடோர் நாட்டு எல்லையை ஒட்டிய தும்பெஸ் பகுதியில் நடந்தது. லிமா நகரின் கயெத்தானோ எரெதியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எக்தர் ஊகோ கார்சியா தலைமையிலான குழுவினர் இதை மூன்று கட்டங்களாக நடத்தினர். முதற்கட்டத்தில் 42 ஊர்களில் ஆறு வெவ்வேறு முறைகள் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. சில ஊர்களில் மருந்தும், சிலவற்றில் பரிசோதனையும், சிலவற்றில் நலக்கல்வியும், சிலவற்றில் நோயுற்ற பன்றிக்கு மாற்றுப் பன்றி வழங்குதலும் சோதிக்கப்பட்டன. இரண்டாம் கட்டத்தில் 17 ஊர்களில் மேம்பட்ட முறைகள் பார்க்கப்பட்டன. இவற்றில் கற்ற பாடத்தைக் கொண்டு மூன்றாம் கட்டத்தில் 107 ஊர்களில் ஒரே நடைமுறை பின்பற்றப்பட்டது. அவ்வூர்களில் 81,170 மக்களும் 55,638 பன்றிகளும் இருந்தன.

அந்நடைமுறை மூன்று பகுதிகளைக் கொண்டது. மக்களுக்குக் குடற்புழு மருந்தாக நிக்ளோசமைடு கொடுக்கப்பட்டது. இம்மருந்து குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவதில்லை. ஆதலால் எவருடைய மூளையிலாவது கட்டி மறைந்திருந்தாலும் அதைக் கிளறிவிடாது. பன்றிகளுக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. அது தசையில் உள்ள கட்டிகளைக் கொல்கிறது. அத்துடன் பன்றிகளுக்கு டிசோல்-18 என்னும் தடுப்பூசியும் போடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழுவினர் உருவாக்கிய இத்தடுப்பூசி, புதிதாக நோய் வருவதைத் தடுக்கிறது. முன்பே உள்ள கட்டியைக் கொல்வதில்லை. பழையதற்கு மருந்தும் புதியதற்குத் தடுப்பூசியும் என இரண்டும் சேர்ந்தே தேவைப்பட்டன.

முடிவுகள் 2016-ஆம் ஆண்டில் வெளியாயின. 107 ஊர்களில் 105-இல் நோய்ப்பரவல் நின்றிருந்தது. மேற்கொண்டு எதுவும் செய்யாமலே அந்நிலை ஓராண்டுக்கு நீடித்தது. பெரும் வசதிகள் இல்லாத ஊர்ப்புறத்திலும் இச்சங்கிலியை அறுக்க முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் கழிப்பறையும் பன்றிப் பட்டியும் இல்லாத ஊரில், வெளியிலிருந்து புழுவுடன் வரும் ஒருவரோ கட்டியுடன் வரும் ஒரு பன்றியோ நோயை மீண்டும் தொடங்கிவைக்கலாம். மருந்து விரைந்து பலன் தரும். அப்பலன் நிலைக்கக் கழிப்பறையும் பட்டியும் வேண்டும்.

வடபெருவில் எளிய வேறொரு முறையும் சோதிக்கப்பட்டது. ஒரு பன்றியின் நாக்கில் கட்டி தென்பட்டால், அருகில் புழுவைக் கொண்ட ஒருவர் இருக்கிறார் என்று பொருள். எனவே அப்பன்றியின் இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் வாழ்வோரைப் பரிசோதித்து மருந்து கொடுத்தனர். பழங்காலம் தொட்டு விலை பேசப் பயன்பட்ட நாக்குச் சோதனை இங்கே மனித நோயைத் தேடும் வழிகாட்டியாயிற்று.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் வலிப்புடன் வரும் நோயாளிகளின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, பலருக்குச் சிறிய ஒற்றைக் கட்டி தெரிந்தது. காசநோய் மிகுந்த நாடாதலால் அது காசநோய்க் கட்டி என்றே கருதப்பட்டு, காசநோய் மருந்துகள் மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டு வந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இத்தகைய கட்டிகளை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் என்று தெரிந்தது. 1989-ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வு, தேவையற்ற காசநோய் மருந்திலிருந்து பலரைக் காத்தது. இத்தகைய ஒற்றைக் கட்டிகளில் பல, சில மாதங்களில் தாமாகவே மறைந்துவிடுவதும் பின்னர் தெரியவந்தது.

வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மக்களிடையே அக்கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2006-ஆம் ஆண்டில் வெளியானது. அங்கு வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளை நீர்க்கட்டியே காரணம் என அது காட்டியது. பன்றி இறைச்சி உண்போர் குறைவாக உள்ள பகுதியிலும் நோய் இவ்வளவு இருப்பதற்கு, முட்டை வழியே பரவல் நிகழ்வதுதான் விளக்கம்.

பன்றிகளுக்கான டிசோல்-18 தடுப்பூசியை வணிக முறையில் தயாரிப்பது ஐதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனமாகும்.

வலிப்பு நோயைப் பேய் பிடித்தல் என்றும் சாபம் என்றும் எண்ணும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பது தமிழ்நாட்டு வழக்கம். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். அதுவரை நோயாளியைக் கூரிய பொருள், நெருப்பு, நீர் ஆகியவற்றிலிருந்து விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பதே சரியான முதலுதவி. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலிப்பு உள்ளவர்கள் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்துவதும், திருமணத்தின்போது நோயை மறைப்பதும், பிறகு மருந்தை ஒளித்து உண்பதும் இன்றும் நிகழ்கின்றன. இந்நோயாளிகளில் ஒரு பங்கினருக்குக் காரணம் ஒரு புழுவின் முட்டை என்பதும், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதும் தெரிந்தால் இந்த மறைப்புக்குத் தேவை இராது.

கண்டறிதலும் சிகிச்சையும்

மலத்தில் வெண்ணிறத் தட்டைத் துண்டுகள் காணப்படுவது குடற்புழுவின் அடையாளம். நுண்ணோக்கியில் முட்டைகளைப் பார்த்தும் இதைக் கண்டறியலாம். ஆனால் முட்டைகள் எல்லா நாளும் வெளியேறுவதில்லை. மேலும் பன்றி, மாடு ஆகிய இருவகை நாடாப்புழுக்களின் முட்டைகளும் ஒன்றுபோலவே தோன்றும். குடற்புழுவுக்கு நிக்ளோசமைடு அல்லது பிராசிகுவாண்டெல் என்னும் மருந்து ஒரே வேளை கொடுக்கப்படுகிறது.

மூளைக் கட்டியை சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவற்றாலும் இரத்தப் பரிசோதனையாலும் கண்டறிகின்றனர். வலிப்பை அடக்கும் மருந்துகளே சிகிச்சையின் முதற்படி. கட்டி உயிருடன் இருந்தால் ஆல்பெண்டசோல், பிராசிகுவாண்டெல் போன்ற புழுக்கொல்லி மருந்துகள் தரப்படும். கட்டி சாகும்போது வீக்கம் கூடுமாதலால், அதைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்தும் சேர்த்தே தரப்படும். சுண்ணாம்பு படிந்த பழைய கட்டிக்குப் புழுக்கொல்லி தேவையில்லை. சிலருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கடையில் புழு மருந்து வாங்கி உண்பது ஆபத்தானது. மூளையில் மறைந்துள்ள கட்டி திடீரென வீங்கக்கூடும்.

தடுப்பு முறைகள்

1. கழிப்பறையைப் பயன்படுத்துதல்: மனித மலம் பன்றிக்கு எட்டாமல் இருந்தால் சுற்று அங்கேயே அறுபடும்.

2. பன்றிகளைப் பட்டியில் அடைத்து வளர்த்தல்: தீனிச் செலவு கூடினாலும் கட்டியில்லாத பன்றிக்கு முழு விலை கிடைக்கும்.

3. சோப்பிட்டுக் கை கழுவுதல்: மலம் கழித்த பின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் இது கட்டாயம். புலால் உண்ணாதவர்களுக்கும் இதுவே முதன்மையான காப்பு.

4. பச்சையாக உண்ணும் காய்கறி, பழங்களைத் தூய நீரில் நன்கு கழுவுதல்.

5. இறைச்சியை உட்பகுதி வரை வேகவைத்தல்: நடுப்பகுதியில் செந்நிறம் மறையும்வரை வேக வேண்டும். இறைச்சியை உறைய வைத்தும் கட்டிகளைக் கொல்லலாம். சுழியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியசில் பத்து நாள் வைப்பது பன்னாட்டு விலங்கு நல அமைப்பு கூறும் அளவு.

6. பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும்: மருந்து கொடுத்த பன்றியைக் கால்நடை மருத்துவர் குறிப்பிடும் நாள் கழியும் முன் இறைச்சிக்கு விற்கக் கூடாது.

7. புழுவைக் கொண்டவரைக் கண்டறிந்து சிகிச்சை அளித்தல்: ஒரு வீட்டில் ஒருவருக்கு மூளைக் கட்டி நோய் எனத் தெரிந்தால், அவ்வீட்டார் அனைவரும் மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. புழுவைக் கொண்டவர் ஒருவர் குணமானால் அவருடன் வாழ்வோர் அனைவருக்கும் ஆபத்து நீங்கும். அவரும் அறியாமல் புழுவைச் சுமந்தவரே ஆதலால், அவரைக் குற்றம் சாட்டாமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதே முறை.